அடி போன ரங்கூன் டாங்கி

1944ஆம் ஆண்டு நவம்பர் 11, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். நான்கு நாள் பெய்த மழை முந்தின நாள் மாலையோடு விட்டிருந்தது. வானம் சாம்பல் பூசியது போலிருந்தது. காற்று மேற்கே ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது. என் பதுங்கு குழிக்குள் தண்ணீர் நின்றது. மழைநீர் என்றால் வியந்திருக்கமாட்டேன். அதை முந்தின நாளே வாளியால் இறைத்துக் கொட்டியிருந்தேன். இது கீழேயிருந்து ஊறிய தண்ணீர். கைத்தடியை விட்டு அளந்தேன், ஒன்றே கால் சாண். ஒரு சொம்பு மொண்டு குடித்தேன், இனித்தது. கிணறு வெட்டினால் என்ன செலவாகும் என்று ஆறு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இனாமாக ஒரு கிணறு கிடைத்துவிட்டது என்று பூரித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செண்பகம் எட்டிப் பார்த்தாள். "அப்ப குண்டு விழும்போது நாம நீச்சல் அடிக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரங்கூனில் என்னோடு இருந்து, இப்போது ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் சிதறிக் கிடக்கும் நண்பர்களுக்கும், திருநெல்வேலியில் இன்னமும் என்னைப் பணக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இருப்பது அயனம்பாக்கத்தில், அம்பத்தூருக்குத் தெற்கே, ஒரு பெரிய ஏரியின் கரைக்கு அடியில். பட்டணத்தை விட்டு எல்லாரும் ஓடிய 1942இல் இந்தச் சீமையோட்டு வீடு மலிவாகக் கிடைத்தது. ரங்கூனில் முப்பத்தொரு வருடம் நான் 'மதராஸி'. மதராஸுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குப் பெயர் 'ரங்கூனார்'. ஒரு மனிதனை எப்போதும் அவன் இல்லாத ஊரின் பெயரால்தான் அழைப்பார்கள் போலிருக்கிறது.

குழி ஏன் வெட்டினேன் என்று சொல்லவேண்டும். 1941 டிசம்பரில் ரங்கூனில் முதல் குண்டுகள் விழுந்த காலையில் நான் எங்கள் கிடங்குக்குப் பின்னாலிருந்த குழியில் குப்புறப் படுத்திருந்தேன். தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. என் பக்கத்து மேசைக் குஜராத்திக் கணக்கர் அவர்களில் ஒருவர். அன்றிலிருந்து குழி இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு சென்னைத் துறைமுகத்துப் பக்கம் குண்டு விழுந்ததாக ஊரெல்லாம் பேச்சு எழுந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். மண்சுவர் ஒன்றை ஒட்டிக் குழி வெட்டுவது நல்லது என்று ரங்கூனில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏரிக்கரை நின்றது. ஒரு பக்கச் சுவர் செலவில்லாமல் கிடைக்கிறதே என்று, அது சித்திரை மாதமாகையால் வற்றிய ஏரிக்குள் மாட்டுவண்டி போய்வந்துகொண்டிருந்த சமயத்தில், அம்பத்தூரிலிருந்து ஆள் வைத்துக் கரையின் அடியிலேயே இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினேன். பக்கத்து நிலத்துக்காரர் தணிகாசலம் வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, யாருக்கு இந்தக் குழி? ஊர்ல எவனுக்கும் இழுத்துக்கினு கெடக்கறதா சேதி இல்லியே?"

"குண்டு விழுந்தால் இதில் படுத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் இடம் உண்டு."

"குண்டு போடறவன் ஆவடில பட்டாளத்த உட்டுட்டு உங்க ஊட்டத் தேடிக்கினு வரப்போறானா? வோணாம் நைனா. ஏரி காலாண்ட நோண்டக் கூடாது."

ஏரிக்குக் கால் உண்டு என்பதைக் கிராமத்து நம்பிக்கைகளில் ஒன்றாக நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா.

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் நான் பார்த்தது கிடங்கு எழுத்தர் வேலை. கப்பலேறும் அரிசி மூட்டைகளை எண்ணுவது. மூட்டை எண்ணுகிறவனுக்கு மூளை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த மூளையை 'டாங்க்' என்ற ஒரு இங்கிலீஷ் சொல் பிடித்துக்கொண்டது. எங்கள் கிடங்கின் கூரைமேல் நெருப்பணைக்க இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது, அது டாங்க். திருநெல்வேலியில் எங்கள் வயலுக்குப் பாய்ந்த குளத்தைக் கலெக்டர் கச்சேரிக் காகிதம் டாங்க் என்றது. இங்கே வந்தால் ஏரியும் டாங்க், கோயில் குளமும் டாங்க். பர்மாக்காரன் எல்லாவற்றையும் 'கன்' என்று ஒரே அசையில் முடித்துக்கொள்வான். அவன் பிழைக்கத் தெரிந்தவன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆபீசில் கேட்டேன். குஜராத்திக் கணக்கர் மார்பைத் தட்டிக்கொண்டார்: வீட்டு முற்றத்தின் கீழே மழைநீரைச் சேமிக்க அவர்கள் கட்டும் தொட்டிக்கு 'டாங்க்கு' என்றுதான் பெயராம், வெள்ளைக்காரன் அவர்கள் ஊரில் தண்ணீர் குடித்தபோது சொல்லையும் சேர்த்துக் குடித்துவிட்டானாம். எதிர் மேசைக் கோவாக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அது போர்த்துக்கீசியரின் 'தாங்க்கே', ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற பொருளில் பிறந்தது என்று அவர் சத்தியம் செய்தார். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதற்காகச் சண்டை போடுவதும், நான் நடுவில் நின்று இருவரிடமிருந்தும் ஊறுகாய் வாங்கித் தின்பதும் வழக்கம். அந்தச் சண்டை 1941 டிசம்பரில் தீர்ப்பில்லாமல் முடிந்துவிட்டது.

இங்கே வந்த பிறகு ஐயப்பன்தாங்கல் என்ற ஊர்ப் பெயரைக் கேட்டேன். சிற்றேரிக்குத் தாங்கல் என்று பெயர் என்றார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாங்கல், டாங்க்! குஜராத்தியும் கோவாவும் வேண்டாம், சொல் நம்முடையது என்று பதினெட்டுப் பக்கம் எழுதி ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினேன். இன்னும் வேகமாகத் திரும்பி வந்தது. தணிகாசலத்தைப் பிடித்து வைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்பத்தூர் கேட்டாண்ட ரயில்ல படுதா போட்டு ஆவடிக்கு இட்டுனு போறானே பீரங்கி வண்டி, அதுவும் டாங்கின்றாங்களே, அதுல எவ்ளோ தண்ணி புடிக்கும் நைனா?" என்றார். போன யுத்தத்தில் அதை ரகசியமாகச் செய்தபோது, பகைவனுக்குத் தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று புளுகிய பெயர்தான் நிலைத்துவிட்டது என்று விளக்கினேன். "வெள்ளக்காரன் புளுகினாகூட அது பேராய்டுது. நாம நெசத்த சொன்னாகூட எவன் கேக்கறான்?" என்று எழுந்து போனார். ஏரியின் காலைப் பற்றிச் சொன்னதைத்தான் குத்திக்காட்டினார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

இவை போக இன்னொரு டாங்கியும் உண்டு, அது என்னுடையது. ரங்கூனை விட்டு வரும்போது மற்றவர்கள் நகையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார்கள். நான் நாலரை அடி உயர இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாத்திரம், புத்தகம், கம்பளி எல்லாவற்றையும் அடைத்து மூடிபோட்டுக் கப்பலில் ஏற்றினேன். பெட்டியென்றால் உடையும், டாங்கி உடையாது என்பது என் கணக்கு. துறைமுகத்து வெள்ளைக்காரர் அதன் பெயரைக் கேட்டுவிட்டு, யுத்த காலத்தில் டாங்கி கடத்துகிறாயா என்றார். அவர் சிரித்தார்; நான் நடுங்கிப்போய் மூடியைத் திறந்து கம்பளியைக் காட்டினேன். அயனம்பாக்கத்தில் இரண்டு மழைக்காலம் வெளியே நின்று அதன் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. செண்பகம் அதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நான் மாட்டேன் என்றேன். யுத்தம் முடிந்ததும் புது அடி வைத்து, மறுபடி சாமான்களை அதில் கட்டிக்கொண்டு ரங்கூனுக்கே போவதாக இருந்தேன். அவளிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் போகமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் சண்டையெல்லாம் டாங்கியைப் பற்றித்தான்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பத்து மணிக்குக் குழித் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. நிறமும் மாறியது, ரங்கூன் தேநீர்க் கடையில் பால் ஊற்றிய தேநீரைப் போலாயிற்று. நான் வாளியோடு குனிந்திருந்தபோது, மதகைத் திறந்து மூடும் கன்னியப்பன் கரைமேல் நடந்து வந்தான். கீழே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யோவ் ரங்கூனு! தண்ணி எப்பத்துலேர்ந்து கலங்கிக்கினு கீது?"

"அரைமணி நேரமாக. ஆனால் காலையில் நல்ல தண்ணீர், நான்கூடக் குடித்தேன்."

"கரைய குடிச்சிட்டியேயா!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினான்.

கலங்கல் தண்ணீர் என்றால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். நான் கரையின் அடியைத் தோண்டி அதற்கு வாசல் வைத்துக் கொடுத்திருந்தேன். கரை போனால் கீழே கதிர் விடும் சம்பா முழுவதும் போகும். பர்மா அரிசி வருவது நின்று மூன்று வருடமாகிறது. நான் எண்ணி எண்ணி அனுப்பிய மூட்டைகளைத் தின்ற ஊர்கள் இப்போது தங்கள் ஏரியை மட்டும் நம்பியிருக்கின்றன. அந்த ஏரியையும் நான் உடைக்கப்போகிறேன். ஜப்பான்காரன் என்னை ஒரு முறைதான் அகதியாக்கினான். இரண்டாவது முறைக்கு அவன் வரத் தேவையில்லை, நானே போதும்.

தமுக்கு முழங்கியது. கரைக்கு ஆபத்தென்றால் வீட்டுக்கு ஓர் ஆள் கூடையும் மண்வெட்டியுமாக வரவேண்டும், வேலை முடியும்வரை யாரும் திரும்பக்கூடாது என்பது இங்கே வழக்கம். ஐம்பது அறுபது பேர் என் கொல்லையில் நின்றார்கள். கொட்டிய மண்ணையெல்லாம் ஊற்று கரைத்துத் தள்ளியது. வைக்கோல் கட்டைப் போட்டார்கள்; அது மிதந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் எனக்கு எப்போதும் பேச்சு வந்துவிடும். "தாங்கல் என்ற சொல்லே தாங்குவது என்பதிலிருந்து..." என்று தொடங்கிவிட்டேன்.

"தாங்குதா இல்லியான்னு இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். கூடைய புடி நைனா" என்று தணிகாசலம் என் கையில் ஒரு கூடையைத் திணித்தார். அவருடைய நிலம்தான் முதலில் போகும். அவர் குனிந்து மண்ணை வெட்டத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

அப்போது பின்வாசலிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "அண்ணாச்சி, இந்தா நிக்குதே அடி போன தொட்டி, இதத் தூக்கி அந்தக் குழிக்குள்ள போடுங்க. மண்ணு கரையாம சுத்தி நிக்குமில்ல."

"அடியே இல்லாததை வைத்து எதை அடைப்பது?" என்றேன். அந்த நேரத்திலும் டாங்கியைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

"அது அடைக்குதோ இல்லியோ, ஊட்ட உட்டு ஒழியட்டும்னு அக்கா சொல்லுது. தூக்குங்கடா மச்சான்" என்றான் கன்னியப்பன். ஆறு பேர் தூக்கினார்கள். ஊற்றின்மேல் அதை நேராக நிறுத்தி, சுற்றிலும் வைக்கோலும் களிமண்ணும் போட்டு மிதித்தார்கள். தொட்டிக்குள் தண்ணீர் கலங்கலாக ஏறியது. பாதிக்கு மேல் ஏறியதும் அதன் வேகம் தணிந்தது. வெளியே போகத் துடித்த தண்ணீருக்குத் தன் தலைமேலேயே தன் எடை ஏறிவிட்டது. மூன்று மணிக்கு அது ஏறுவது நின்றது. சற்று நேரத்தில் தெளியவும் தொடங்கியது. கன்னியப்பன் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். செண்பகம் வீட்டிலிருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாக்கி ஊற்றினாள்.

கஞ்சி குடித்தபடி நான் மெதுவாகக் கேட்டேன்: கோடையில் ஏரி வற்றியதும் டாங்கியை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

"கரைக்குப் போட்டது ஏரிக்கு, நைனா. திருப்பி வாங்கற பழக்கம் இல்ல" என்றார் தணிகாசலம். "ஆனா போட்டவன் கரைக்காரன். வைகாசில மீன் பங்கு போடறச்சே உங்களுக்கும் ஒரு பங்கு. குழிய மட்டும் வேற எங்கியாச்சும் தோண்டுங்க. நம்ம ஊட்டாண்ட வோணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செண்பகம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல், "இனிமே எதுல சாமான் கட்டுவீங்க?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏரிக்கு ஆடு வெட்டினார்கள். டாங்கிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அது கரையின் அடியில் ஒன்றரை அடி வெளியே தெரிய நிற்கிறது. துறைமுகத்தில் பூசிய ரங்கூன் என்ற வெள்ளை எழுத்துகளின் மேல்பாதி மண்ணுக்கு மேலே. கீழ்ப்பாதி அயனம்பாக்கத்துக் களிமண்ணுக்குள். காலையில் எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையாமல் இருக்கிறது, என் முகமும் தெரிகிறது. அந்தச் சொல் குஜராத்தியா, போர்த்துக்கீசியமா, தமிழா என்று இப்போது நான் யாரிடமும் வாதாடுவதில்லை. டாங்கிக்குக் கட்டிய கப்பல் கட்டணம், குழி வெட்டிய கூலி, கஞ்சிக்கு அரிசி, ஆட்டில் என் பங்கு, திரும்பி வந்த கட்டுரைக்குத் தபால்தலை ஆகியவற்றை மட்டும் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். டாங்கியின் விலையைச் சேர்க்கவில்லை, அது இப்போது ஏரியின் சொத்து. இனாமாகக் கிடைத்த கிணற்றுக்கு ஆக மொத்தம் இருபத்தெட்டு ரூபாய் பன்னிரண்டு அணா.