காந்தத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரு சாண்

போபோடியில் எங்கள் கார் ஆடியோ கடைக்குள் நுழைந்தால் வலப்பக்கச் சுவரில், ஸ்பீக்கர் வயரில் கட்டிய ஒரு பலகைத் துண்டு தொங்கும். சப்ஊஃபர் பெட்டி செய்து மிஞ்சிய பலகை. அதை அறுக்கச் சொன்னவள் என் அக்கா. நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவள் கணவரான என் மச்சானும் நானும் சேர்ந்து நடத்திய கடை இது. மச்சானின் நெஞ்சுத் துடிப்பு அடிக்கடி தடுமாறியதால், இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஸ்பீக்கர் காந்தம் அதிலிருந்து அரை அடியாவது தள்ளியே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வாரமே லாத்தா கடைக்கு வந்து, பலகை மேல் கையை விரித்து, "இந்தா, என் கைக்கு ஒரு சாண். இதவிடக் கிட்ட போனீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று அளந்து கொடுத்தாள்.

மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தொழிலில் காந்தம் இல்லாத இடம் ஏது? பெரிய சப்ஊஃபரின் காந்தம் ஒன்றே அம்மிக் குழவி கனம் கனக்கும். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியே பழகியவர் அவர். அன்றிலிருந்து கடையில் நான் வேலை பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

புது சப்ஊஃபரை எடுத்ததும் முழுச் சத்தத்தில் ஓட்டக் கூடாது. ஓரத்து ரப்பரும் உள்ளே கூம்பைத் தாங்கும் துணியும் விறைப்பாக இருக்கும். நாலைந்து நாள் பெஞ்சில் வைத்து, மெல்லிய சத்தத்தில் தும் தும் என்று ஓடவிட்டு இளக வைக்க வேண்டும். "முரடு இறங்கட்டும் மாப்ளே" என்பார் மச்சான். அப்புறம்தான் காரில் ஏற்றி ட்யூனிங். மற்ற கடைகளில் அதற்கு மீட்டர் வைப்பார்கள். மச்சானோ பெட்டி மேல் நெஞ்சைச் சாய்த்துத்தான் கேட்பார். காதை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. பேஸ்மேக்கர் வைத்த பிறகு அந்தப் பழக்கத்தை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹிஞ்சேவாடியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு பையன் தன் காருக்கு சப்ஊஃபர் மாட்டக் கொடுத்தான். பளபளவென்ற காந்தம் வெளியே தெரிய வேண்டும் என்று அதைத் திருப்பி மாட்டச் சொன்னான். முரடு இறக்கி, காரில் ஏற்றி, ஒரு மத்தியானம் ட்யூனிங்குக்கு உட்கார்ந்தோம். நான் டிரைவர் சீட்டில். மச்சான் திறந்த டிக்கிப் பக்கம். வாசலில் நின்ற பையன், "பையா, ஆவாஸ் படாவோ" என்று இந்தியில் அவசரப்பட்டான். சத்தத்தைக் கூட்டினேன். "போதுமா மச்சான்?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கார் அதிர்ந்ததே தவிர மனிதக் குரல் வரவில்லை.

யா அல்லாஹ், அந்த நாலு எட்டு தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியாது. மச்சான் டிக்கிக்குள் குனிந்து, இடது நெஞ்சை அந்தக் காந்தத்தின் மேல் அழுத்திக் கிடந்தார். கண் மூடியிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்ல மாப்ளே, கத்தாத" என்றார்.

பையனை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சாகணும்னு ஆசையா?" என்று, வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது. அவர் தலை குனிந்துகொண்டே சொன்னார்: "உள்ள மிஷின் ஓடுதான்னே தெரிய மாட்டேங்கு மாப்ளே. நின்னு போயிருக்குமோன்னு ஓயாம பயமா இருக்கு. காந்தத்துக்குக் கிட்ட போனா நெஞ்சு ஒரே சீரா அடிக்கும். அப்பந்தான், சரி, இருக்குன்னு தோணும்." பல நாளாக, நான் பார்க்காத நேரமெல்லாம் இதைச் செய்திருக்கிறார். என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. "லாத்தாட்ட சொல்லிராத" என்றார். சரி என்றேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். காந்தம் பட்டால் மிஷின் தன் போக்கை விட்டுவிட்டு ஒரே கணக்கில் துடிக்க வைக்கும், அது விளையாட்டல்ல என்று அவர் கண்டித்து அனுப்பினார். இனிச் செய்ய மாட்டேன் என்று மச்சான் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். சப்ஊஃபர்களை எல்லாம் மேல் தட்டில் ஏற்றி வைத்தேன். ஆனால் முரடு இறங்குகிறதை மட்டும் பெஞ்சில்தானே வைக்க முடியும்?

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில், வீட்டில் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது, மிஷின் கடைசிவரை சரியாகத்தான் ஓடியது என்றார்கள். முந்தின நாள் பெஞ்சில் ஒரு புது சப்ஊஃபர் ஓடிக்கொண்டிருந்தது. சாமான் வாங்க நான் வெளியே போன நேரத்தில் அவர் அதன் கிட்டே போனாரா, இல்லையா? யாரிடமும் கேட்க முடியாமல் இன்றுவரை அந்தக் கேள்வியோடு கடை திறக்கிறேன்.

போன வாரம் லாத்தா வந்தாள். சுவரிலிருந்த துண்டை எடுத்து, அதன் மேல் கையை விரித்தாள். அவள் கை வெளியே நீண்டது. இரண்டு விரல்கடை குறைந்திருந்தது பலகை. ஒரு ஓரத்தில் ரம்பம் பட்ட தடம் கோணலாகத் தெரிந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இது என் சாண் இல்லையே. அறுத்தது நீயா, அவரா?"

குறைத்தது நான் இல்லை என்று, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அழுவாள், என்னை ஏசுவாள் என்று பயந்தேன். அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் காலைல கிளம்பும்போது என்ட்டதான் முதல்ல கேப்பாருடா. 'கைய வச்சுப் பாரு, ஓடுதா'ன்னு. வேலை கெடக்கு, போங்கன்னு விரட்டுவேன். வேலை ஒண்ணும் இல்ல தம்பி. கைய வச்சு, ஒண்ணும் தெரியலன்னா நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்துல ஒரு நாள்கூட வைக்கல."

பெஞ்சில் ஒரு புது சப்ஊஃபர் முரடு இறங்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தும் தும் சத்தம் தாங்காமல் அணைக்கப் போனேன்.

துண்டைப் பழைய ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த லாத்தா திரும்பிப் பார்த்தாள்.

"நிப்பாட்டாதடா. ஓடட்டும்" என்றாள்.