இருவருக்கு ஒரு சுவெட்டர்

எங்கள் அப்பாவின் பிரசங்கத்தைக் கேட்பதற்காகவே கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு குடும்பங்கள் லாரியில் ஏறி வரும். வழியில் தானா ராத்தாவிலேயே நல்ல ஆலயம் இருந்தது. அதைத் தாண்டி, ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைச் சரிவில் தகரக் கூரையோடு நின்ற எங்கள் சின்ன ஆலயத்துக்கு அவர்கள் வந்தது வசனங்களுக்காக அல்ல. வசனம் எல்லா ஆலயத்திலும் ஒன்றுதான். எங்கள் அப்பா கதை சொல்வார்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்குப் பத்து வயது. அப்பா வாரம் முழுவதும் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் வருவார். போகிற வீட்டில் எல்லாம் ஒரு கோப்பை கோப்பியும் ஒரு கதையும் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதை பிரசங்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீட்டுச் சேவல் அடுத்த லயத்துக்குக் குடிபோனதும், அவர் மூன்று நாள் அதன் பின்னால் அலைந்ததும் ஒரு முறை காணாமற்போன ஆட்டின் உவமைக்கு விளக்கமானது. அப்பா யார் பெயரையும் சொல்லமாட்டார். "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்" என்றுதான் தொடங்குவார். முப்பது குடும்பம்கூட இல்லாத சபையில் அந்தச் சகோதரர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. எல்லாத் தலைகளும் கிராணியார் பக்கம் திரும்பும். அவரும் சிரிப்பார். "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி" என்று அப்பா ஆரம்பித்தால் அம்மாவின் கையில் இருக்கும் பாட்டுப் புத்தகம் விசிறியாகிவிடும், அந்தக் குளிரிலும்.

நான் மட்டும் எந்தக் கதையிலும் வந்ததில்லை. அது எனக்குப் பெரிய குறை.

லெட்சுமி என் வகுப்புத் தோழி. அவள் அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போவார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அவர்கள் லயம் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்தது. காலையில் லெட்சுமி மேலே ஏறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். தோட்டத்துப் பள்ளிக்கு அரை மணி நேர நடை. அந்த வருடம் அவளுடைய சுவெட்டர் சின்னதாகிப் போய்த் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஈப்போ பட்டணத்து அத்தை பின்னிக் கொடுத்த பச்சைச் சுவெட்டர் ஒன்று இருந்தது. கை நீளமாக, இரண்டு மடிப்பு மடித்துப் போடுகிற மாதிரி.

அந்தச் சுவெட்டரை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வளைவு வரைக்கும் நான். வளைவிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் லெட்சுமி. திரும்பி வரும்போது முதலில் அவள், பிறகு நான். அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. சட்டத்தைப் போட்டவள் லெட்சுமி. யார் சுவெட்டர் போட்டிருக்கிறார்களோ, அவர்கள்தான் இரண்டு பேருடைய பையையும் தூக்க வேண்டும். குளிர் ஒருத்திக்கு, பாரம் ஒருத்திக்கு. பாதி வழியில் அது மாறிவிடும்.

மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. சுவெட்டர் போட்டுக்கொண்டுதானே போகிறாய் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டார். நான் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா என் நெஞ்சில் தைலம் தேய்த்துவிடும்போது சொல்லிவிட்டேன்.

"லெட்சுமிக்குச் சுவெட்டர் இல்லப்பா. அதான் பாதி தூரம் நான் கழட்டிக் குடுத்துடுவேன்."

அப்பாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பை தூக்குகிற சட்டத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பார்வை கொஞ்சம் குறைந்துவிடும் போலிருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, "எனக்குத் தெரிந்த ஒரு சிறுபெண்" என்று ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனி மூடிய பாதை, நடுங்குகிற தோழி, தன் சுவெட்டரைக் கழற்றி நீட்டுகிற சின்னக் கை. அப்பா அதைச் சொன்ன விதத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் நல்ல குணத்தை நினைத்து நானும் துடைத்துக்கொண்டேன்.

பிரசங்கம் பலித்தது. மாதர் சங்கத்து அம்மாமார்கள் அன்று மதியமே வீடு வீடாகப் பழைய சுவெட்டர்களைச் சேர்த்தார்கள். ஒரு பெரிய பை நிறைந்தது. நான்கைந்து பேர் அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கினார்கள். வழி காட்ட என்னையும் கூட்டிக்கொண்டார்கள், அந்த லயம் தெரியாதவர் யாரும் இல்லை என்றாலும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்தில் எல்லாரும் வெளியே இருந்தார்கள். லெட்சுமியின் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தவர், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிராணியார் மனைவி பையை அவர் கையில் கொடுத்து, "பிள்ளைங்க குளிருல கஷ்டப்படக்கூடாது இல்லையா" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். லெட்சுமியின் அம்மா தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றுபோயிருந்தது. கதவுக்குப் பின்னால் லெட்சுமி நின்றாள். நான் சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. நான் தனியாக இறங்கினேன். வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் எனக்கு முன்னால் நடந்து போவது தெரிந்தது. பள்ளிச் சட்டை மட்டும்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுவதும் சுவெட்டர் என் உடம்பிலேயே இருந்தது. அது இவ்வளவு சூடானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

வியாழனா வெள்ளியா என்று நினைவில்லை, வேலை முடிந்த நேரம், லெட்சுமியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் அந்தப் பை. எல்லாச் சுவெட்டர்களும் துவைத்து, மடித்து அடுக்கியிருந்தன. விடாத தூறலில் அத்தனையும் அடுப்புப் பக்கத்தில் வைத்துத்தான் உலர்த்தியிருக்க வேண்டும், விறகுப் புகை வாசம் வந்தது. அம்மா உள்ளே வரச் சொன்னார். அவர் வாசல்படியிலேயே நின்றார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இத யாருக்காவது குடுத்துடுங்க."

அப்பா எழுந்து போனார். "ஏம்மா, அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரிதான் ஐயா." பையை அப்பாவிடம் நீட்டினார். "சட்டைக்காக மதம் மாறி வேதத்துல சேரப்போறியான்னு லயத்துல கேக்குறாங்க. லெட்சுமி அப்பா ரெண்டு நாளா வீட்டுல சரியா பேசல. அதுகூடப் பரவால்ல. ரெண்டு பிள்ளைங்களும் ஒரு சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டது எனக்கும் தெரியும். அதுங்க விளையாட்டுன்னு விட்டுட்டேன். எம்பொண்ணு சும்மா வாங்கிப் போடல ஐயா. போடுறப்ப ரெண்டு பையையும் அவதான் தூக்குனா. இப்ப அவள தருமம் வாங்குனவள்னு ஆக்கிட்டீங்க."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "நான் வந்து பேசுறேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதுவதற்கு முன்னால் லெட்சுமிக்குப் போன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன். இப்போது அவள் மலையடிவாரத்தில், தாப்பாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். "எழுதுலா. ஆனா நான் பை தூக்குனத விட்டுடாத" என்றாள்.

பை திரும்பி வந்த அந்த வார ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா உடை மாற்றாமல், வெள்ளை அங்கியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். திட்டுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். சேறு பார்த்துக் கால் வை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. லெட்சுமி வீட்டுக்கு முன்னால் போய் நின்றார். வாசலுக்குள் போய்ப் பேசியிருக்கலாம். முற்றத்திலேயே நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"இந்த வீட்டுப் பிள்ளையைப் பத்தி நான் கோயில்ல பேசினேன். பெத்தவங்களக் கேக்காம பேசினேன். முழுசா தெரிஞ்சுக்காம பேசினேன். தப்பு என்னுது. நீங்க ரெண்டு பேரும் மன்னிக்கணும்."

லெட்சுமியின் அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "அய்யய்யோ, ஐயா, தூறல்ல நிக்காதீங்க. உள்ள வாங்க, பசியாறிட்டுப் போங்க" என்று வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்து கோப்பி குடித்தார். ஆலையில் புதிதாக வந்திருந்த இயந்திரத்தைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

லெட்சுமியும் நானும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"நாளைக்கு என் பையையும் நீ தூக்கு."

"சுவெட்டர்?"

"அது ஒன்கிட்டயே இருக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. தீபாவளிக்கு அவளுக்கு ரிங்லெட்டில் மஞ்சள் சுவெட்டர் எடுக்கும்வரை நான் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு பைகளையும் தூக்கினேன். பள்ளி வாசலில் பையை இறக்கும்போது எனக்கு வேர்த்திருக்கும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பாள். வளைவில் ஒரு முறைகூட நின்று மாற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பிரசங்கத்தில் கதை சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் கவனித்தார்கள். அப்பா வசனத்தை எடுத்து, அதன் மூலமொழிச் சொல்லை விளக்கி, இன்னொரு வசனத்தோடு ஒப்பிட்டு, மறுபடி விளக்கினார். கிராணியார் இரண்டாவது பாட்டிலேயே கண்ணை மூடத் தொடங்கினார். கம்போங் ராஜா லாரி மாதம் ஒரு முறையாகி, பிறகு நின்றே போனது. தானா ராத்தாவுக்கு வந்த புதுப் போதகர் நன்றாகக் கதை சொல்கிறாராம் என்று எங்கள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நானும் அம்மாவின் மடியில் சாய்ந்து தூங்கினேன்.

ஒரு நாள் அம்மா அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒரு கதை சொன்னா என்னங்க? ஜனங்க தூங்குறாங்க."

"எனக்குத் தெரிஞ்ச கதையெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுக் கதை. கோப்பி குடுத்தவங்ககிட்ட கேக்காம எடுத்துட்டு வந்தது."

அம்மா, "என் கதையச் சொல்லுங்க. நான் ஒன்னும் நெனச்சுக்கமாட்டேன்" என்றார்.

அப்பா சிரித்த சத்தம் கேட்டது. ஆனால் சொல்லவில்லை.

நானும் இப்போது போதகர். கையில் ஒரு நல்ல கதை இருக்கும்போது, எதிரில் கண்கள் சொக்க ஆரம்பிக்கும்போது, அந்தக் கதையைச் சொல்லாமல் பக்கத்தைத் திருப்புவது எவ்வளவு கடினம் என்று பிரசங்க மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும். அதை அப்பா வாரா வாரம் செய்தார். எங்களுக்கு மாற்றல் வந்து மலையிறங்கும்வரை செய்தார். பையைப் பற்றி நான் மறைத்ததை அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

அந்த வயதில் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. ஒரு சாயங்காலம் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அப்பா, உங்களுக்குக் கதையெல்லாம் மறந்துபோச்சா?"

துணியைப் பிழிந்துகொண்டே, "ஆமாம்மா, வயசாகுதில்ல" என்றார்.

நான் நம்பினேன். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பையைப் பற்றிக் கேட்காததும் மறதியால்தான் என்று எனக்கு நிச்சயமாயிற்று. அன்று குடும்ப ஜெபத்தில் எல்லாரும் முழங்கால் போட்டிருந்தபோது, எங்கள் அப்பாவுக்கு ஞாபகசக்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டேன். அதற்குப் பிறகும் பல மாதம் ஒரு நாள் தவறாமல் கேட்டேன். அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று, வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே.