மாத்திரை போடாத அண்ணி

என் அண்ணிக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "நேரா பாருங்க, என் மூஞ்சில ரோடு இல்ல" என்று அதட்டி அதட்டியே ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவள். நாத்தனார் நான், எனக்கே அந்த வாய்க்கு ஈடுகொடுக்க முடியாது.

பதினாறு வருடங்களுக்கு முன், அவளுக்கும் என் அண்ணனுக்கும் எச்.ஐ.வி. இருப்பது ஒரே நாளில் தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்ற விசாரணையை அண்ணி அன்றைக்கே இழுத்து மூடிவிட்டாள். அண்ணன் மாத்திரை தொடங்கினான். அண்ணியின் ரத்தத்திலோ வைரஸ் எண்ணிக்கைக்கே அகப்படவில்லை. மருந்தே இல்லாமல்! நூற்றில் ஒருவருக்குக்கூட இப்படி அமைவதில்லை என்றார் டாக்டரம்மா.

"அப்போ எனக்கு நோய் இல்லையா?"

"இருக்கு. ஆனா உங்க உடம்போட காவல் செல்கள் பிறவியிலேயே ரொம்ப உஷார். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடிச்சு அழிச்சிடுது. மிச்சம் எங்கயோ பதுங்கிக் கிடக்கு. ஏன் சிலருக்கு மட்டும் இப்படின்னு எங்களுக்கே முழுசா தெரியல."

"பிரேக் மேல என் காலு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து, கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் எடுத்துப் போனார்கள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. பாதுகாப்புக்கு நீங்களும் மாத்திரை போடலாமே என்று டாக்டரம்மா சொன்னபோதெல்லாம், "என் உடம்பை அவமானப்படுத்தாதீங்க" என்றாள். சாயங்காலம் அண்ணன் மாத்திரையை எடுத்தால், "பழைய வண்டி, ஆயில் ஊத்தினாத்தான் ஓடும்" என்பாள். நானும் சேர்ந்து சிரித்தேன், புத்தி கெட்டவள்.

இந்த வருடப் பரிசோதனைக்கு அவர்களோடு நானும் போயிருந்தேன். அண்ணனுக்கு வைரஸ் எகிறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரை போடுறீங்களா?"

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான என் அண்ணன், அந்த அறையின் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தி இரண்டு மாதமாம்.

"பதினாறு வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்துறோம், டாக்டர். நோயே ஒட்டிச்சே, இவ உடம்போட கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் ஒட்டாதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அது ஒட்டாதுங்க. உங்களுக்கு மருந்துதான் காவல். மறுபடி போட்டா அடங்கிடும். இப்படி விட்டு விட்டுப் போட்டா, அப்புறம் மருந்தே கேக்காது, உயிருக்கே ஆபத்து."

"தெரியும், டாக்டர்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து. "ஆனா வீட்ல நான் ஒருத்தன்தானே நோயாளி. அதான் நிறுத்திப் பார்த்தேன்."

அண்ணியைப் பார்த்தேன். அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, "எனக்கும் எழுதுங்க, டாக்டர்" என்றாள்.

"ரொம்ப நல்லது, உங்க உடம்புக்கும் நல்லதுதான். ஆனா மாத்திரை ஆரம்பிச்சா ஆராய்ச்சியில வச்சுக்க மாட்டாங்க."

"வச்சுக்கலைன்னா போகட்டும்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தம்ளர் தண்ணீர். அவள் சும்மா சொன்னதாக நினைத்திருந்த அண்ணன் திகைத்துப்போய், "உனக்கு எதுக்குடி இது?" என்றான்.

அண்ணி முதலில் தன்னுடையதை விழுங்கினாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய அதட்டல்தான்.

"இப்ப இந்த வீட்ல நோயாளி ரெண்டு பேர். போதுமா? முழுங்குங்க."