எல்லாப் பக்கமும் ஒரே அளவு

வாக்குவாதம் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் என்னோடு சரிக்குச் சரி நின்றவன் ஒருவன்தான். பிரஸ் மிஷினில் தகடு அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. தண்டலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமானபின் இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. நான் தரப் பரிசோதகன். அவன் அடிக்கும் தகட்டைக் கேஜ் வைத்து அளந்து, பிசகினால் சிவப்புப் பெட்டியில் போடுவது என் பிழைப்பு. இப்படிப்பட்ட இரண்டு பேர் டீ இடைவேளையில் உருப்படியாக எதைப் பேசிவிடுவார்கள்? பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று பேசினோம்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். போனில் பார்த்த வீடியோக்களின் மிதப்பில், பிரபஞ்சம் ஒரு காலத்தில் நெருங்கிக் கிடந்தது, அன்றிலிருந்து விரிந்துகொண்டே போகிறது என்று அளந்துவிட்டேன். அவன் வேதாகமத்தை எடுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் எடுத்தது எங்கள் கம்பெனி வழக்கத்தை. ஒரு தகடு கெட்டுப்போனால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூலகாரணம்.

“விரிஞ்சிக்கினே போவுதுன்ற. ஏன் அப்டி சொல்ற? ஆதாரம் காட்டு” என்றான்.

தூரத்து விண்மீன் கூட்டங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, தூரம் கூடக் கூட நகர்வும் கூடுகிறது என்றேன்.

“அவ்ளோ தூரம் வந்த வெளிச்சம் களைச்சிப் போயிருக்கும்பா. ரெண்டு ஷிஃப்ட் பாத்தா என் கண்ணுகூடத்தான் செவக்குது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டு மறுநாள் வந்தேன். வெகுதூரத்தில் வெடிக்கும் நட்சத்திரம் மங்குவதற்கு, பக்கத்தில் வெடிப்பதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதாகத் தெரிகிறது. வெளிச்சம் களைத்தால் நிறம்தான் மாறும், நேரம் இழுபடாது. நடுவில் இருக்கும் அண்டவெளி தானே விரிந்தால்தான் இழுபடும் என்றேன். அவன் டீ ஆறும்வரை யோசித்தான். “இது செல்லும்” என்றான். ஒரு தகட்டுக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டு ஓகே போட்டதில்லை.

அடுத்துப் பெரிய ஆதாரத்தை இறக்கினேன். ஆரம்பத்தில் எல்லாம் நெருக்கமாகக் கொதித்துக் கிடந்ததன் மிச்சச் சூடு இன்னும் வானம் முழுக்க இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றேன்.

“எல்லாப் பக்கமும் ஒரே அளவு காட்டுனா கேஜு கெட்டுப்போச்சுன்னு நீயே சொல்லுவியே?”

நியாயமான கேள்வி. அதைக் கண்டுபிடித்தவர்களும் முதலில் தங்கள் ஆன்டெனாவைத்தான் சந்தேகப்பட்டார்கள், அதில் கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தைக்கூடச் சுரண்டிப் பார்த்தார்கள், அளவு மாறவில்லை என்றேன். “தனித்தனியா இருந்திருந்தா எப்படிப்பா ஒரே அளவு வரும்? எல்லாம் ஒரு காலத்துல ஒண்ணாக் கெடந்திருக்கு. அதான்.”

“யோசிச்சிச் சொல்றேன்” என்றான். அந்த யோசனை முடிவதற்குள் ஒரு மதியம் மிஷின் அவன் வலது கைமேல் இறங்கிவிட்டது.

அந்த மிஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மிஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் பக்கத்து மின்பெட்டியில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, சென்சார் வேலை செய்யாதபடி வைத்திருந்தார். லைனில் எல்லோருக்கும் தெரியும். நான் சண்டையே போட்டிருக்கிறேன். “உன் வேலை தகடு அளக்கறது” என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் கேஜ் அறையிலிருந்து ஓடிவருவதற்குள் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். தரையைத் துடைத்திருந்தார்கள். ஒயரைக் காணோம். சென்சாரின் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் யாரிடமும் ஒரு படம் இல்லை. மனுஷன் பிறப்பதற்கு முந்தைய சூடு வானத்தில் இன்னும் இருக்கிறது. மதியம் சிந்திய ரத்தம் டீ நேரத்துக்குள் போய்விட்டது.

அவனுக்கு நாலு விரல் போயிற்று. விசாரணைக் கூட்டத்தில் வழக்கம்போல ‘ஏன்’ கேட்டார்கள். கை ஏன் நசுங்கியது? உள்ளே விட்டதால். ஏன் விட்டான்? சிக்கிய தகட்டை எடுக்க. ஏன் இடுக்கியால் எடுக்கவில்லை? அவசரம். ஏன் அவசரம்? கவனக்குறைவு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கவனக்குறைவு என்று முடிந்துவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அந்தக் கையோடு வேறெந்தக் கம்பெனி கேட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். கம்பெனியின் பிசகு என்று முடிந்தால் உட்கார்ந்து பார்க்கும் வேலையாவது கேட்கலாம். “சார், இன்னொரு ஏன் பாக்கி இருக்கு. சென்சார் ஏன் நிறுத்தல?” என்றேன். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. “ஆதாரம் இருக்கா?” என்றார்.

விபத்து நேரத்தில் கேஜ் அறையில் இருந்த என் வார்த்தை செல்லாது என்பதால், அன்றைக்கு ஒயர் இருந்ததா என்று லைனில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். “நான் என் மிஷினப் பாத்துக்கினு இருந்தேம்பா, கவனிக்கல” என்றான் முதல் ஆள். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். தெற்கேயிருந்து வந்தவர், “நான் என் மிஷினப் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே, கவனிக்கல” என்றார். கெஞ்சினேன், திட்டினேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை தலையணை மேல் இருந்தது. மனைவி டீயைக் கொடுத்துவிட்டு, அவன் இடது கையால் குடிப்பதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“எல்லாரும் அதே வார்த்தையா?” என்றான்.

“அதே வார்த்தைதான்.”

“உன் கேஜு கெட்டுப்போச்சோ இன்னாவோ” என்று சிரித்தான். டீ டம்ளரை இடது கையால் தரையில் வைத்தான். “எல்லாப் பக்கமும் ஒரே அளவு வந்தா எல்லாம் ஒரே எடத்துலேர்ந்து வந்ததுன்னு சொன்ன இல்ல? யோசிச்சிச் சொல்றேன்னு சொன்னேனே. செல்லும்பா. ஒத்துக்கறேன்.”

அப்படி ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டு அந்தப் பாயில் உட்கார்ந்து நான் அழுதேன்.

மறுநாள் மேனேஜரிடம் அதையே சொன்னேன். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் ஒரே ஆள் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அது யூகம், ஆதாரம் இல்லை என்றார். கவனக்குறைவு என்றே முடித்தார்கள். அவனுக்கு வேலை போயிற்று.

கொஞ்ச நாளில் அந்த மிஷினுக்குப் புது ஆள் வந்தார். தகடு வாங்க நான் போனபோது பக்கத்து மின்பெட்டியைக் காட்டி, “அண்ணே, இது இன்னா ஒயரு?” என்று கேட்டார். ஒயர் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அது எதற்கு, இதற்கு முன் அங்கே நின்றவன் யார், அவன் விரல் எதுவரை போயிற்று என்று லைன் முழுக்கக் கேட்கும்படி என் கையிலேயே தொட்டுக் காட்டிச் சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.