அப்பாவுக்கு முதல் மடக்கு

துபாய் ஓட்டலில் ஒயின் பரிமாறும் சுடலைக்குமார் லீவில் வரும்போதெல்லாம், கரிசலில் உளுந்து விதைக்கும் அப்பா கேட்பார்: "நீ ஊத்துத ஷாம்பெயின எனக்கும் ஒரு வாய் கொண்டு வாலே." கடலைமிட்டாயோடு அது பிரமாதமாகச் சேரும் என்பான், கொண்டுவர மட்டும் ஒவ்வொரு தடவையும் மறந்து தொலைப்பான்.

இப்போது கொண்டுவந்துவிட்டான், அப்பாவின் பதினாறாம் நாள் படையலுக்கு. படத்தின் முன் கடலைமிட்டாய் இருந்தது. துக்க வீடென்று பாட்டில் தக்கையைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

முதலில் கொஞ்சம் ஊற்றி, ஒயின் கேட்டவர் ருசி பார்த்துத் தலையசைத்த பிறகே கிளாசை நிரப்புவது அவன் தொழில் வழக்கம். அதே பழக்கத்தில் அப்பா படத்தின் முன் கிளாசில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு, துண்டைக் கையில் போட்டபடி குனிந்து காத்து நின்றான். நுரை அடங்கியும் நிமிரவில்லை.

"நெறைய ஊத்துலே," என்றாள் அம்மா. "அவிய வேண்டாம்னா சொல்லப் போறாவ?"