கடலுக்கு முதுகு காட்டாதவர்

மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில்தான் அவரைக் கண்டேன். கல்லடியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் தெரிகிற மேல்மாடி. மகனுக்காக வந்திருந்தார். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வந்ததும் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

நானும் அவருடைய மகனும் போகவிருந்தது ஒரே கடற்கரை நகரம். விடுதியை விட்டு இறங்கினால் மணல்தான் என்று அலுவலகப் பெண் பெருமையாகச் சொன்னாள். மற்றவர்கள் விசாவைப் பற்றியும் பகுதிநேர வேலையைப் பற்றியும் கேட்டார்கள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"தங்கச்சி, கடல் வந்தா புள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுற?"

யாரோ சிரித்தார்கள்.

"அங்க அப்படியெல்லாம் வராது, ஐயா."

"இஞ்சயும் வராதெண்டுதான் நாங்க இருந்தம்."

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே கடல் சும்மாதான் கிடந்தது. சுனாமி வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. வீட்டிலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மகனை அவர் அனுப்பினாரா என்று தெரியாது. இந்த நகரத்துக்கு வந்தபிறகு நான் அவனைக் காணவில்லை.

வந்த முதல் ஞாயிறு, வகுப்புத் தோழிகள் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அலையே இல்லாத கடல். அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் முகம் இல்லை, பின்னல்தான் தெரிகிறது.