மருந்து படாத தண்ணீர்

போன வாரம் பாகூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரில் வாந்திபேதி. அக்கா மகள் சரசுவோ நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சோறு நிம்மதியாக இறங்குமா?

கிணற்றில் மருந்து போடப்போவதாக மேரி என்கிற பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து தண்டோரா வந்தது. தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகும், நிறம் போனதும் குடிக்கலாம் என்றார்கள். பாகூர்க்காரர்கள் உஷாரானவர்கள். மருந்து விழுவதற்குள் ஊரே கிணற்றடியில்! அக்கா அண்டா, தவலை, குடம் என்று ஒன்று விடாமல் நிரப்பிக்கொண்டாள்.

மருந்து விழுந்தது. நிறம் வந்தது, போனது. கிணறு இப்போது படு சுத்தம்... சீந்துவார்தான் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாமியை நம்புகிறோம். கண்ணுக்குத் தெரியாத கிருமியை மட்டும் நம்பமாட்டோம்!

டாக்டர் பார்வையிட வந்தார். தன்மையான மனிதர். அக்கா மோர் கொடுத்தாள்.

"பயப்படாம குடிங்க டாக்டர். உங்க மருந்து படாத தண்ணி."

டாக்டர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதைத்தான் அந்தப் பொண்ணும் குடிக்குதா? கொட்டிடுங்கம்மா!"

அக்கா மசியவில்லை. மருந்துத் தண்ணி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். "காய்ச்சியாவது குடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கு அக்கா தலையாட்டினாள். சொன்ன சொல் தவறாதவள். மூடி ஆட ஆடக் காய்ச்சினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அதைச் செம்பில் பாதி ஊற்றி, அண்டாவிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு விளாவி, சரசுவிடம் நீட்டினாள்.

"அக்கா! இன்னா பண்றே?"

"இன்னாடா கத்தறே? கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா நாக்கு வெந்துடாது?"

நானும் அந்த வீட்டுத் தண்ணீரைத்தானே குடித்துக்கொண்டிருந்தேன்?

சரசு எங்கள் இருவரையும் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம்.

"மாமா, ஒரு வாளி இழு."

இழுத்தேன். தெருவே வேடிக்கை பார்க்க, கையில் ஏந்திக் குடித்தாள்.

"தண்ணி தண்ணியாத்தான் இருக்குது. போய் அண்டாவைக் கவுத்துடும்மா."

சாயங்காலத்துக்குள் தெருவில் பாதி அண்டாக்கள் கவிழ்ந்தன. அக்காவுடையதும்தான்... ஆனால் தெருப் பெண்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று மகளோடு இன்னும் பேசவில்லை.

கோபித்துக்கொள்ள மகள் இருக்கிறாளே — அது போதும் எனக்கு.